பிடியரிசிப் பானை

எங்கள் வீட்டு அடுக்களையில் இரண்டு அரிசிப் பானைகள் இருந்தன. பெரியது எங்களுக்கு. கழுத்து குறுகிய சின்ன மண்பானை யாருக்கு என்று ஆறேழு வயதுவரை எனக்குத் தெரியாது. உலை கொதித்ததும் அம்மை நாழியால் அரிசி அளப்பாள். களைவதற்கு முன் அதிலிருந்து ஒரு பிடி அள்ளிச் சின்னப் பானையில் போடுவாள். மரச்சீனிக்கிழங்கு மட்டும் வெந்த நாளில் அந்தப் பிடி கிடையாது. மறுநாள் இரண்டு பிடியாகப் போட்டு நேர் செய்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை பானையை வெள்ளைத் துணியில் கவிழ்த்து, முடிச்சுப் போட்டு, ஆலயத்துக்குக் கொண்டுபோவோம். அங்கே பெண்கள் சங்கத்து அக்காமார் எல்லார் முடிச்சையும் அவிழ்த்து அளந்து நோட்டில் எழுதுவார்கள். ஒருத்தர் வீட்டு அரிசி சம்பா, இன்னொருத்தர் வீட்டுது ரேஷன். எல்லாம் ஒரே பெட்டியில் கலந்துவிடும்.

"இது ஆருக்கம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இன்னைக்கு அவியளுக்கு. நாளைக்கு நமக்கும் வேணும்லா" என்றாள். அதற்குமேல் சொல்லவில்லை.

பாறசாலைக்குத் தெற்கே, இஞ்சிவிளைக்குப் போகும் வழியில் எங்கள் ஊர். நான் 1950இல் பிறந்தபோது அது திருவிதாங்கூர்–கொச்சி. நான் பள்ளியில் சேர்ந்த காலத்தில் கேரளம். ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தால் களியக்காவிளை, அது தமிழ்நாடு. இந்த எல்லையோரப் பள்ளிக்கூடங்களில் 31 வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றேன். ஓய்வுக்குப் பிறகு ஊர்க் கதைகளை எழுதி வைக்கத் தொடங்கினேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது: நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் நடந்த கலகங்களைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். எங்கே அடி விழுந்தது, எந்த ஆணை எந்தத் தேதியில் வந்தது, எல்லாம் கிடைக்கும். கலகம் அடங்கிய மறுநாள் காலையில் யார் வீட்டில் அடுப்பு எரிந்தது, யார் எரியவைத்தார் என்பதற்குப் புத்தகம் கிடையாது. நோட்டுகள்தான் உண்டு. அதுவும் கறையான் விட்டுவைத்தவை.

தோள்சீலைக் கலகத்தை எடுத்துக்கொள்வோம். 1820களில் ஒரு முறை, 1858 கடைசியில் இன்னொரு முறை தென் திருவிதாங்கூர் கொந்தளித்தது. சென்னை ஆளுநர் டிரெவெல்யன் நெருக்கியபின், 1859 ஜூலை 26இல் உத்தரம் திருநாள் மகாராஜாவின் ஆணை வந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப்போல் உடுத்தக் கூடாது என்று அதற்கு ஒரு வாலும் இருந்தது. பாடப்புத்தகம் இந்த இடத்தில் நின்றுவிடும். அந்தப் பெண்கள் எழுந்து நடந்தது வேறு பலத்தில். நாகர்கோவிலில் மால்ட் அம்மையார் கற்றுக்கொடுத்த ரேந்தைப் பின்னலைக் கொண்டு, அடிமைப்பட்ட பெண்கள் சிலர் கூலியைச் சேர்த்துத் தங்களையே விலைக்கு மீட்டுக்கொண்டார்கள். 1855இல் திருவிதாங்கூர் அடிமை முறையை ஒழிக்கும் முன்பே நடந்தது அது. சாமித்தோப்பில் வைகுண்டரின் ஆட்கள் ஒரே கிணற்றில் குளித்து, ஒரே பந்தியில் உண்டார்கள். 1836இல் தொடங்கிய சமத்துவ சமாஜம் என்ற பெயருக்கு அன்றாடத்தில் அர்த்தம் அதுதான்: யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடுவது.

சோற்றை நான் சும்மா இழுக்கவில்லை. நெய்யாற்றங்கரையில், எங்கள் தாலுகாவுக்குள்ளேயே, அருவிப்புறம் இருக்கிறது. 1888 சிவராத்திரி இரவில் நாராயண குரு அங்கே சிவனைப் பிரதிஷ்டை செய்ததை எல்லாரும் சொல்வார்கள். அதற்குப் பிறகு அங்கே கூடிய சிறு குழுவின் பெயரைப் பலர் கவனிப்பதில்லை. வாவூட்டு யோகம். அமாவாசைக்கு அமாவாசை ஊட்டு, அதாவது சோறு. அது கோயில் யோகமாகி, 1903இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகமாக, கம்பெனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவானது. கோயிலுக்குள் விடப்படாதவர்கள் ஒரு கம்பெனியாகப் பதிவுசெய்துகொண்டதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும், நல்ல சிரிப்பு. டாக்டர் பல்ப்புவும் குமாரன் ஆசானும் சேர்ந்து அதைப் பெரிய அமைப்பாக்கினார்கள். ஆனால் விதை விழுந்த இடம் மாதம் ஒரு நாள் சோறு வடித்த இடம்.

இனி ஊருட்டம்பலம். இதில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

வெங்கானூரும் ஊருட்டம்பலமும் நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஊர்கள். வெங்கானூரில் 1863இல் பிறந்தவர் அய்யன்காளி. எழுதப் படிக்கத் தெரியாது. 1893இல் புலையர் போகக் கூடாத ராஜபாதையில் வில்வண்டி கட்டி, தலைப்பாகை கட்டி ஓட்டிக்கொண்டு போனார். அடிதடி. பிள்ளைகளுக்கு என்று வெங்கானூரில் ஒரு குடிப்பள்ளிக்கூடம் வைத்தார். ஓலைக் கொட்டகைதான். எதிரிகள் கொளுத்தினார்கள்; மறுபடி கட்டினார். 1907இல் சாதுஜன பரிபாலன சங்கம் தொடங்கினார். அதே காலத்தில் புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று அரசும் ஆணை போட்டது. ஆணை கச்சேரியில் இருந்தது, பள்ளிக்கூட வாசலுக்கு வரவில்லை. அய்யன்காளி அப்போது சொன்னது நேரடியானது: எங்கள் பிள்ளைகள் படிக்காவிட்டால் உங்கள் வயலில் புல்தான் முளைக்கும். சொன்னபடியே ஆட்கள் வயலில் இறங்கவில்லை.

வேலைநிறுத்தம் என்று இன்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அன்றன்று கூலி நெல்லில் கஞ்சி குடித்தவர்களுக்கு அது பட்டினி என்று பொருள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஏறக்குறைய ஒரு வருஷம். நிலக்காரர்கள் தாங்களே சேற்றில் இறங்கிப் பார்த்தார்கள். நாற்று நேராக நிற்கவில்லை. புலையர் குடிசைகளில் அடுப்பு அணையாமல் பார்த்தவர்கள் யார் என்று கேட்டால், விழிஞ்ஞம் கடற்கரையைக் காட்டுவார்கள். மீன்பிடிக்கிறவர்கள் தங்கள் வள்ளங்களில் இந்த வயல் ஆட்களை ஏற்றிக்கொண்டு பங்கு கொடுத்தார்கள். வயலில் நின்றவனுக்குக் கடலில் என்ன தெரியும்? கயிறு இழுக்கத் தெரிந்தால் போதும் என்று ஏற்றிக்கொண்டார்கள். கடைசியில் ஒரு மாஜிஸ்திரேட் நடுவில் நின்று சமரசம் செய்துவைத்தார். கூலியும் கொஞ்சம் உயர்ந்தது.

அதற்குப் பிறகும் தீர்ந்துவிடவில்லை. பஞ்சமி என்ற சிறுமியைக் கையைப் பிடித்து அய்யன்காளி ஊருட்டம்பலம் பள்ளியில் கொண்டுபோய் உட்காரவைத்தார். மற்றவர்கள் எழுந்து போனார்கள். பள்ளிக்குத் தீ வைத்தார்கள். கலகம் ஊர் ஊராகப் பரவியது. எரியாமல் மிஞ்சிய ஒரு பெஞ்சை அங்கே இன்றும் வைத்திருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சேர்த்து வைத்தார்கள். பஞ்சமி பெயரை விடாமல் சேர்த்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. முதல் நாள் வகுப்பில் தனியாக உட்கார்ந்தவள் அவள்தானே.

சங்கம் அதற்குப்பின் செய்ததில் அதிகம் பேசப்படாதது அதன் சொந்த நீதிமன்றம். வெங்கானூரில் சங்கம் ஒரு சமுதாயக் கோடதி நடத்தியது; கிளைகளிலும் நடத்தியது. குடும்பச் சண்டை, குடி, கடன், ஆள் அடித்த வழக்கு எல்லாம் அங்கே வரும். கச்சேரி வாசலில் தள்ளி நிற்கவேண்டியவர்கள் தங்களுக்கென்று ஒரு கோடதி வைத்துக்கொண்டார்கள். வெளியே இருந்து அடி வாங்கிய சமூகம் உள்ளே இற்றுப்போகாமல் நின்றதற்கு அதுவும் காரணம் என்பது என் எண்ணம். 1911இல் அய்யன்காளி ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமிக்கப்பட்டார். அங்கே அவர் எழுப்பிய கேள்விகள் புதுவல் என்னும் அரசுத் தரிசு நிலம், பள்ளி, பிள்ளைகளுக்கான சலுகை என்று எல்லாம் தரையில் கால் ஊன்றியவை. 1937 ஜனவரியில் காந்தி வெங்கானூர் வந்தபோது, தன் ஜனத்தில் பத்து பி.ஏ. பார்த்துவிட வேண்டும் என்று அவரிடம் சொன்னார். அய்யன்காளி 1941இல் இறந்தார்.

நெய்யாற்றின்கரை டவுனில் துப்பாக்கி வெடித்தது 1938 ஆகஸ்ட் 31. திவான் சி.பி. ராமசாமி ஐயரின் ஆட்சி. ஸ்டேட் காங்கிரஸ் தலைவர்களில் ஒருவரான என்.கே. பத்மநாப பிள்ளையைப் பிடித்துப்போனதும் ஜனம் கூடியது, சுட்டார்கள், வீரராகவன் உள்ளிட்டோர் விழுந்தார்கள். அந்தப் போராட்டத்தில் சிறை போனவர்களில் ஒருவர் இதே ஊர்க்காரர் ஜி. ராமச்சந்திரன். சாந்திநிகேதனில் படித்தவர், சாபர்மதியில் இருந்தவர். இவரும் டி.வி.எஸ். குடும்பத்து டாக்டர் சௌந்தரமும் கல்யாணம் செய்து, 1947இல் திண்டுக்கல் அருகே சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். மருத்துவம், கதர், ஆதாரக் கல்வி எல்லாம் ஒரே வளாகத்தில். பின்னால் அது பல்கலைக்கழகமே ஆனது. துப்பாக்கிச் சூடு நடந்த நெய்யாற்றின்கரைக்காரர் தமிழ்நாட்டு வறண்ட காட்டில் கிராமத்தை எழுப்பினார் என்பதைத் தமிழ்நாட்டில் சொன்னால், அப்படியா என்பார்கள். வயதான காலத்தில் ஊருக்குத் திரும்பி, தாயின் பெயரில் அமைந்த மாதவி மந்திரத்தில் இருந்தார். 1995இல் காலமானார். மலையாளத்து வீட்டில் பிறந்து தமிழ்க் கிராமத்தில் உழைத்தவர். எல்லைக்கோடு அவர் காலில் தட்டியதாகத் தெரியவில்லை.

எங்கள் காலில் தட்டியது.

திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது ஒன்பது தாலுகாக்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர். தலைவர் நேசமணி வக்கீல்; மார்ஷல் என்று ஜனம் அழைத்தது. 1954இல் போராட்டம் முற்றியது. ஆகஸ்ட் 11 விடுதலை நாள் என்று அறிவித்து ஊர்வலம் போனார்கள். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. எங்கள் ஊரிலிருந்து மார்த்தாண்டம் பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். முதல்வர் பட்டம் தாணு பிள்ளை; பிரஜா சோஷலிஸ்ட் கட்சி. சொந்தக் கட்சியின் ஆட்சி சுட்டதற்காக அது பதவி விலக வேண்டும் என்று அக்கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா கேட்டார். அப்படி ஒருவர் கேட்டதும் உண்டு, ஆட்சி விலகாததும் உண்டு. பஸல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் மூவர் குழு 1955 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தது. 1956 நவம்பர் 1 அன்று தெற்கே நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை இங்கேயே நின்றது. அந்தப் பக்கம் வெடி வெடித்தார்கள். எங்கள் பக்கம் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டோம். கட்சிக்கு வேலை முடிந்துவிட்டது. அது காங்கிரசில் கலந்தது. எங்களுக்கு வேலை அன்றுதான் ஆரம்பித்தது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். கோடு போட்ட அதே 1956இல், அரசியலமைப்பின் ஏழாம் திருத்தத்தில், சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்ற 350ஏ பிரிவையும் சேர்த்தார்கள். ஒரு கையால் வெட்டி மறு கையால் மருந்து. ஆனால் மருந்து பாட்டிலில் இருந்தால் புண் ஆறாது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் தமிழ்ப் பாடநூல் ஓணம் கழிந்துதான் வரும். அதுவரை பழைய புத்தகம், கரும்பலகை, என் ஞாபகம். அங்கேதான் ஊர் வாசகசாலை உதவியது. பி.என். பணிக்கர் 1945இல் 47 வாசகசாலைகளை ஒன்றுசேர்த்துத் திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கத்தைத் தொடங்கியிருந்தார். அந்த இயக்கத்தில் சேர்ந்த ஒரு சின்ன வாசகசாலை எங்களுக்கும் இருந்தது. ஓடு வேய்ந்த ஒற்றை அறை. நான்கு அலமாரி மலையாளம், ஒரு அலமாரி தமிழ். களியக்காவிளைக்குச் சந்தைக்குப் போகிறவர்கள் வரும்போது பழைய தமிழ்ப் பத்திரிகைகளைக் கட்டாக வாங்கி வருவார்கள். 54இல் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டவர்கள் மாலையில் அதே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பேப்பரை, இந்தப் பக்கத்தை நீ, அந்தப் பக்கத்தை நான் என்று பிரித்து வாசித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. பேப்பரை மாற்றிக்கொண்டார்கள்.

எங்கள் கிறிஸ்தவ சபையும் பிரிந்தது. தென் திருவிதாங்கூர் பேராயம் 1959இல் கன்னியாகுமரி, தென் கேரளம் என்று இரண்டானது. மூன்று வருஷம் கழித்து மாநில எல்லை ஆலயத்துக்குள்ளும் வந்துவிட்டது. பாட்டு தமிழிலா மலையாளத்திலா என்று சச்சரவு வந்த ஆலயங்கள் உண்டு. பெண்கள் சங்கம் மட்டும் அதில் மாட்டிக்கொள்ளவில்லை. அரிசி அளக்க மொழி எதற்கு?

1960களில் அரிசியே சட்டவிரோதமானது. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். அது கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. மாநிலம் விட்டு மாநிலம் அரிசி கொண்டுபோகத் தடை வந்ததும், எங்கள் ஊர்ப் பெண்கள் இடுப்பிலும் மடியிலும் முடிந்துகொண்டு விளை வழியாக இரவில் வந்தார்கள். பிடிபட்டால் அரிசி போகும். அந்த வருஷங்களில் அம்மையின் சின்னப் பானையில் விழுந்ததும் அந்தக் கள்ள அரிசிதான். ஆண்டவருக்குக் கொடுத்தது கள்ளக்கடத்தல் அரிசி என்று உபதேசியார் ஒருநாள் வேடிக்கையாகச் சொல்லப்போய், பெண்கள் சங்கத்தாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இல்லாதவர்களே இல்லாதவர்களைத் தாங்கும் இதே தன்மையைப் பிற்காலத்தில் வேறொரு இடத்தில் கண்டேன். 1983க்குப் பின் இலங்கையிலிருந்து அகதிகள் வந்தபோது, ஈழத் தமிழர் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் அகதிகளே. வாங்குகிறவர்களே கொடுக்கிறவர்கள். முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்று வாங்கித் தருவது அவர்கள் ஓயாமல் செய்த வேலைகளில் ஒன்று. திரும்பிப் போகிற நாள் வந்தால் அந்தக் காகிதம் இல்லாமல் பிள்ளை எந்த நாட்டுப் பிள்ளை?

நம் சங்கங்களைப் புகழ்ந்துகொண்டே போக எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொன்றும் தன் ஜனத்துக்கு மட்டுமே. நாடார் சபைக்கு ஒரு பெட்டி, ஈழவருக்கு ஒரு யோகம், புலையருக்கு ஒரு சங்கம். விழிஞ்ஞத்து வள்ளக்காரர்கள் வயல் ஆட்களை ஏற்றிக்கொண்டது போன்றது அபூர்வம்; அதனால்தான் நூறு வருஷம் கழித்தும் பேசுகிறோம். அதே விழிஞ்ஞத்தில் 1995இல் மதத்தின் பேரில் வெட்டிக்கொண்டார்கள். எங்கள் ஆலயத்துப் பழைய நோட்டுகளைப் புரட்டினால், எங்கள் அரிசி போன விளைகளின் பெயரெல்லாம் இருக்கிறது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்த சாம்பவர் குடிகளின் பெயர் ஒரு வரியிலும் இல்லை. அவர்கள் வீட்டிலும் பசி இருந்தது. அம்மை அறிந்திருப்பாள். நானும் அறிந்திருந்தேன், கேட்கவில்லை.

அந்த நோட்டுகள் எனக்குக் கிடைத்தது ஓய்வுபெற்ற பிறகு. ஆலயத்தைப் புதுப்பிக்கும்போது பழைய மரப்பெட்டியைக் குப்பையில் போடப் போனார்கள்; தூக்கி வந்துவிட்டேன். கொல்லம் ஆண்டு, தமிழ் மாதம், நாழிக் கணக்கு. ஒரு பக்கம் கொடுத்தவர், மறு பக்கம் வாங்கியவர். கொடுத்தவர் பெயர் ஒழுங்காக இருக்கும். வாங்கியவர் பெயர் எழுதும் வழக்கம் இல்லை. புரையிடத்தின் பெயர் மட்டும். வாங்கினவருக்குக் கூச்சம் வரக் கூடாதே.

1130 ஆவணி, அதாவது மார்த்தாண்டத்தில் சுட்டதற்கு அடுத்த வாரங்கள், வாங்கிய பக்கம் திடீரென்று நீள்கிறது. சாதாரணமாக மூன்று வரி இருக்கும் இடத்தில் பதினொரு வரி. ஆண்கள் ஓடி ஒளிந்த வீடுகள், பிடிபட்ட வீடுகள். அதில் 'பலாவிளை, 6 நாழி' என்று வாரந்தோறும் ஒரு வரி. கார்த்திகை வரை விடாமல் வருகிறது.

பலாவிளை எது என்று எனக்குத் தெரியவில்லை. சங்கத்தில் அந்தக் காலத்திலிருந்தே இருந்த ஒரு பெரியம்மை, அப்போது தொண்ணூறு வயது, திண்ணையில் படுத்திருந்தார். நோட்டை வாசித்துக் காட்டிக் கேட்டேன்.

"என்ன பிள்ளே இப்படிக் கேக்குத? பாகம் வைக்கதுக்கு முன்ன நீங்க இருந்த இடம்லா அது. ஒன் அப்பன் ஊர்வலத்துக்குப் போனவன் நாலு மாசமா வீட்டுக்கு வரல்ல. ஒனக்கு அப்ப நாலு வயசு."

வீட்டுக்கு வந்து நோட்டை மறுபடி விரித்தேன். கொடுத்தவர் பக்கத்தில் அம்மையின் பெயர் ஆடி வரை இருக்கிறது. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை இல்லை. மார்கழி முதல் ஞாயிற்றுக்கிழமை மறுபடி இருக்கிறது. 2 நாழி. மற்றவர்கள் எல்லாரும் 1 நாழி.